தென்கரை தந்த பாணபத்திரர்

மதுரையிலிருந்து திண்டுக்கல் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், வைகையின் வடகரையில் அமைந்த பேரூர் சோழவந்தான். சோழன் உவந்த ஊர் என்று மக்கள் அதன் பெயருக்குக் காரணம் கூறுவர். ஜனக நாராயணப் பெருமாளும், பிரளயநாத சுவாமியும், ஜெனகை மாரியம்மனும் காத்தருளும் பதி அது. வைகாசித் திருவிழாவில் மாரியம்மன் சந்நிதியில் கூடும் கூட்டத்தைக் கண்டவர் எளிதில் மறவார். கொடிக்கால்கள் சூழ்ந்த அவ்வூர் வெற்றிலை 2023 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது. அருகில் உள்ளது திருவேடகம். திருஞானசம்பந்தப் பெருமான் வைகையில் இட்ட ஏடு, வெள்ளத்தை எதிர்த்துச் சென்று கரை சேர்ந்த தலம் அது.

ஆற்றின் மறுகரையில், சோழவந்தானுக்கு எதிரே, மூலநாத சுவாமியும் அகிலாண்டேஸ்வரி அம்மையும் கோயில் கொண்ட சிற்றூர் தென்கரை. இவ்வூரின் பெயரைத் தம் பெயருக்கு முன்னே தாங்கி, நாற்பது ஆண்டுக்காலம் தமிழர் இல்லங்களில் ஒலித்த இசைச் செல்வர் ஒருவரை இவ்வாரம் நினைவு கூர்வோம். அவரே டி.ஆர். மகாலிங்கம். முதலெழுத்து தென்கரையைக் குறிப்பது. அடுத்தது தந்தையார் ராமகிருஷ்ணனைக் குறிப்பது. புல்லாங்குழல் மேதை மாலியும் இதே பெயரும் இதே தலைப்பெழுத்துகளும் உடையவர். அவர் திருவிடைமருதூரைச் சேர்ந்தவர். இருவரையும் ஒருவராக எண்ணி மயங்குவோர் இன்றும் உளர்.

மகாலிங்கம் 1924 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் பிறந்தார். இளமையிலேயே நாடக மேடை அவரை ஈர்த்துக் கொண்டது. ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் அமர்ந்திருப்பவர் செவிக்கும் பாட்டின் சொல் எட்ட வேண்டும். அதற்கு உச்சத்தில் நின்று பிசிறின்றிப் பாடும் தொண்டை வேண்டும். அவ்வகைப் பாட்டுக்கு இலக்கணமாக விளங்கியவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவர் 1933 ஆம் ஆண்டில் இருபத்தேழாம் வயதிலேயே மறைந்தார். அப்போது மகாலிங்கம் ஒன்பது வயதுச் சிறுவர். கிட்டப்பாவோடு அந்தப் பாணியும் மறைந்தது என்று வருந்திய இரசிகர்கள், சில ஆண்டுகளில் தென்கரைச் சிறுவனின் குரலைக் கேட்டு ஆறுதல் பெற்றனர்.

அவருடைய திரைவாழ்வு இறைவன் பெயரோடு தொடங்கியது. 1938 இல் ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் உருவாக்கிய 'நந்தகுமார்' படத்தில் கண்ணனாக வேடம் ஏற்றார். அடுத்த ஆண்டில் வந்த 'பிரகலாதா' படத்தில் பிரகலாதனாக நடித்தார். பதினைந்து வயதுக்குள் கண்ணனாகவும் கண்ணனின் அடியவனாகவும் நின்று பாடும் பேறு எத்தனை பேருக்கு வாய்க்கும்? 1945 இல் வெளிவந்த 'ஸ்ரீவள்ளி' அவரை நாடறியச் செய்தது. தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் வேடனாகவும் விருத்தனாகவும் வரும் முருகப் பெருமானாக அவர் நடித்தார். அப்படத்துப் பாடல்களை இன்று எழுபதும் எண்பதும் கடந்த அன்பர்கள் பலர் தம் தாய் தந்தையர் முணுமுணுக்கக் கேட்டே வளர்ந்திருப்பர். முருக பக்தி அவர் வாழ்வில் இறுதிவரை ஊன்றி நின்றது. பின்னாளில் இசைத்தட்டுகளில் அவர் பாடிய முருகன் பாடல்களும் அதற்குச் சான்று.

1947 ஆம் ஆண்டில் 'நாம் இருவர்' வந்தது. காரைக்குடியில் அமைந்த ஏவி.எம். படப்பிடிப்பு நிலையத்தில் உருவான அப்படத்தில் மகாகவி பாரதியின் பாடல்கள் முழங்கின. இவ்விடத்தில் சோழவந்தான் அன்பர்கள் பெருமை கொள்ளத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1904 இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் விடுப்பில் இருந்தபோது, அவர் இடத்தில் சில மாதங்கள் பணியாற்றியவர் பாரதியார். அந்தத் தமிழாசிரியர், தொல்காப்பியப் பாயிரத்துக்கு விருத்தியுரை கண்ட அரசஞ்சண்முகனார். அவரும் சோழவந்தானில் பிறந்தவரே. பாரதிக்கு ஆசிரியப் பணியிடம் தந்த ஊரின் எதிர்க்கரையில் பிறந்தவர், பாரதியின் பாட்டு ஒலித்த படத்தின் நாயகரானார்.

'ஞானசௌந்தரி', 'வேதாள உலகம்', 'பவளக்கொடி' எனப் படங்கள் தொடர்ந்து வந்தன. புகழும் பொருளும் பெருகின. இருபத்தாறு வயதில் மகாலிங்கம் தாமே படத் தயாரிப்பில் இறங்கினார். அந்நிறுவனத்துக்கு அவர் இட்ட பெயர் அவர்தம் மைந்தர் சுகுமாரின் பெயர். 'மச்சரேகை', 'மோகனசுந்தரம்', 'சின்னதுரை' முதலிய படங்கள் அந்நிறுவனத்தின் பெயரில் வெளிவந்தன. தாம் தேடிய பொருள் தம் மக்களுக்கு நிலைத்த செல்வமாக வேண்டும் என்பது இல்லறத்தார் யாவருக்கும் இயல்பான விருப்பம். மளிகைக் கடைக்கும் அரிசி ஆலைக்கும் மகன் பெயரையோ மகள் பெயரையோ வைத்து மகிழும் தகப்பன்மார் நம் ஊர்களில் எத்தனை பேர்! மகாலிங்கமும் அத்தகைய தகப்பனாரே.

ஆனால், பாடுவது வேறு. படம் எடுப்பது வேறு. பாடகருக்கு முதல் அவருடைய தொண்டை. அது அவரிடமே இருக்கிறது. அதற்கு வட்டி இல்லை. படத் தயாரிப்பாளருக்கோ முதல் பிறருடையது. அக்காலத் தயாரிப்பாளர் பலர் விநியோகஸ்தரிடம் முன்பணமும், வட்டிக்குக் கொடுப்பவரிடம் கடனும் பெற்றே படமெடுத்தனர். படம் முடிந்து திரையரங்கை அடையும் வரை ஒரு காசும் உள்ளே வராது. வட்டி மட்டும் நாள்தோறும் வளரும். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி என்றால், ஐம்பது மாதங்களில் வட்டியே முதலுக்குச் சமமாகிவிடும். ஒரு படம் தாமதமானால், அந்தச் சுமை அடுத்த படத்தின் தலையில் ஏறும். ஓடாத படத்தின் கடனை அடைக்க இன்னொரு படம் தொடங்குவதும், அதற்கு மேலும் கடன் பெறுவதுமாக அந்தச் சுழல் விரியும். அதில் விழுந்தவர் நேர்மையில் குறைந்தவர் என்றோ திறமையில் குறைந்தவர் என்றோ கூற இயலாது. கணக்கின் இயல்பே அத்தகையது.

மகாலிங்கத்துக்கும் அதுவே நேர்ந்தது. சொந்தப் படங்கள் அவருக்குப் பெரும் பொருளிழப்பைத் தந்தன. கடன் சூழ்ந்தது. வாய்ப்புகளும் குறைந்தன. இதற்கிடையே திரையுலகின் போக்கும் மாறிக்கொண்டிருந்தது. நடிப்பவரே பாட வேண்டும் என்ற நியதி தளர்ந்து, நடிப்பவர் ஒருவர், பாடுபவர் ஒருவர் என்னும் முறை வேரூன்றியது. நீண்ட வசனம் பேசி நடிக்கும் நாயகர்களுக்கு மதிப்பு உயர்ந்தது. தியாகராஜ பாகவதர் போன்ற பெரும் பாடகர்களே பின்னுக்குச் சென்ற காலம் அது. முப்பது வயதை ஒட்டிய பருவத்தில், பட்டினத்தில் பெற்ற செல்வத்தைப் பட்டினத்திலேயே இழந்து, மகாலிங்கம் தம் சொந்த ஊருக்குத் திரும்பினார்.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். பொருளை இழந்தவருக்கு மிகவும் கடினமானது சொந்த ஊருக்குத் திரும்புவதே. பட்டினத்தில் முகமறியாதவர் நடுவே மறைந்து வாழலாம். சிற்றூரில் அது நடவாது. தேரடியிலும் தெருத் திண்ணையிலும் ஒவ்வொருவரும் முகமறிந்தவர். நேற்று மாலையிட்டு வரவேற்றவர் இன்று இரக்கத்தோடு நலம் விசாரிப்பார். அந்த இரக்கம் சில வேளைகளில் ஏளனத்தைவிடச் சுடும். குடும்பத் தலைவர் ஒருவர் தமக்கு நேர்ந்த இழப்பைத் தாங்கிக் கொள்வார். தம்மை நம்பியிருப்பவர் முகத்தை நோக்கும்போதுதான் அவர் நெஞ்சம் தளரும். தொழிலில் நொடித்தவர், ஒருவருக்குப் பிணை நின்று வீட்டை இழந்தவர், மகளின் திருமணக் கடனில் மூழ்கியவர் என்று இந்நிலையை நேரில் அறிந்த அன்பர்கள் இப்பக்கத்தைப் படிப்போரிடையிலும் இருப்பர்.

ஆயினும் ஊருக்குத் திரும்பியவரிடம் ஒன்று குறையாமல் இருந்தது. எந்தக் கடன் பத்திரத்திலும் எழுதிக் கொடுக்க இயலாத பொருள் அது. இறைவன் அருளிய குரல் அப்படியே இருந்தது. ஊரும் கோயிலும் ஆறும் அவரை அயலாராகக் கருதவில்லை. தம் பெயரின் முதலெழுத்தாக அவர் சுமந்து சென்ற ஊர், அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக் கொண்டது.

சில ஆண்டுகள் கழிந்தன. கவிஞர் கண்ணதாசன் முதன்முதலாகத் தாமே ஒரு படம் தயாரிக்க முற்பட்டார். 'மாலையிட்ட மங்கை' என்பது அதன் பெயர். நாயகனாக அவர் தேர்ந்தது, திரையுலகச் சந்தையில் அப்போது விலை குறைந்திருந்த மகாலிங்கத்தை. அந்தக் குரலின் மேல் கவிஞர் கொண்ட மதிப்பே அதற்குக் காரணம். விசுவநாதன் - ராமமூர்த்தி இசையமைத்தனர். 1958 இல் படம் வெளிவந்தது. விருத்தமாகத் தொடங்கி, நாயகியின் தமிழ்மொழியைப் புகழ்ந்து அவர் பாடிய பாடல் பட்டிதொட்டியெங்கும் பரவியது. முப்பத்து நான்காம் வயதில் மகாலிங்கத்துக்கு இரண்டாம் வாழ்வு கிடைத்தது. மனோரமா அம்மையார் திரையில் அறிமுகமானதும் அப்படத்திலேயே. ஒருவருக்கு மறுவாழ்வும், இன்னொருவருக்குத் தொடக்கமும் ஒரே வாயிலில் அமைந்தன.

பிறர் கைவிட்ட ஒருவரை நம்பி அழைப்பது பேருதவி. அழைப்பு வரும் நாளில் ஆயத்தமாக இருப்பது அழைக்கப்பட்டவரின் கடமை. மகாலிங்கத்தின் குரல் அன்று தளர்ந்திருந்தால் கவிஞரின் அன்பு என்ன செய்திருக்கும்? பாட்டைக் கேட்போர் அருகிவிட்ட ஆண்டுகளிலும் அந்தக் குரல் தளரவில்லை. கிட்டப்பாவின் வழியில் உச்சத்தில் நின்று ஒலிக்கும் ஆற்றலும் குன்றவில்லை. 1958 ஆம் ஆண்டுப் பாடலே அதற்குச் சான்று.

அதன்பின் ஏழு ஆண்டுகள் கழித்து, அவர் வாழ்வின் பொருளையே எடுத்துக் காட்டுவது போன்ற வேடம் ஒன்று வந்தது. 1965 இல் ஏ.பி. நாகராசன் இயக்கிய 'திருவிளையாடல்' படத்தில் பாணபத்திரர் வேடம் மகாலிங்கத்துக்குக் கிடைத்தது. ஔவையாராக நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள் அம்மையார். கிட்டப்பாவின் துணைவியாரும், கிட்டப்பாவின் பாணியைக் காத்த தென்கரைப் பாடகரும் ஒரே படத்தில் இறைவன் புகழைப் பாடினர்.

பாணபத்திரர் வரலாற்றைப் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் முதலாக நான்கு படலங்களில் விரித்துரைப்பார். வரகுண பாண்டியன் அவைக்கு வடபுலத்திலிருந்து ஏமநாதன் என்னும் இசைவாணன் வருகிறான். அவனோடு இசைவாது செய்யும்படி பாணபத்திரருக்கு அரசன் ஆணையிடுகிறான். ஏமநாதனின் மாணாக்கர் வீதிகளில் பாடுவதைக் கேட்டே பத்திரர் கலங்கிப் போகிறார். ஆலவாய் அண்ணலிடம் சென்று முறையிடுகிறார். இறைவனோ விறகு சுமக்கும் முதியவராக வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரிப் பண் பாடுகிறார். பத்திரர் தம்மிடம் இசை பயிலத் தகுதியற்றவன் என்று தள்ளிய ஆள் தாம் என்கிறார். தள்ளுண்டவனே இவ்வாறு பாடினால் ஆசிரியர் எவ்வாறு பாடுவார் என்று அஞ்சிய ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு அகல்கிறான்.

இக்கதையில் சிவாஜி கணேசன் விறகு வெட்டியாகவும், டி.எஸ். பாலையா ஏமநாத பாகவதராகவும் நடித்ததைப் பலரும் வியந்து பேசுவர். அவ்விருவர் நடுவே, கோயிலில் நின்று கைகூப்பிக் கண்கலங்க முறையிடும் பத்திரரின் பாடலைக் கேளுங்கள். இசையும் தமிழும் நீயே படைத்தவை. நீ இருக்கும்போது எனக்கு இச்சோதனை ஏன் என்பதே அதன் கருத்து. ஓங்கிய குரலில் அவர் அதைப் பாடும்போது, மதுரைச் சீமையில் பிறந்து, புகழ் பெற்று, பொருளிழந்து, மீண்ட ஒருவர் தம் சொந்த வழக்கையே சொக்கநாதப் பெருமான் சந்நிதியில் எடுத்துரைப்பதாகத் தோன்றும். அவர் அவ்வாறு எண்ணியே பாடினாரா என்பதை அவர் உள்ளத்தில் உறைந்த இறைவனே அறிவான். கேட்போர் நெஞ்சு உருகுவது மட்டும் உறுதி.

படத்தில் வந்தது பத்திரர் கதையின் ஒரு பகுதியே. அதற்குப்பின் நடந்ததையும் அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். இசைவாதில் வென்ற பத்திரர், இனி இறைவனை அன்றி வேறு எவரையும் பாடுவதில்லை என்று வாழ்ந்தார். அதனால் வறுமை வந்தது. பாண்டியன் கருவூலத்திலிருந்து இறைவனே பொன்னெடுத்துக் கொடுத்துச் சில காலம் காத்தருளினார். பின்னர் அதையும் நிறுத்திவிட்டு, சேர நாட்டு வேந்தர் சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் எழுதிப் பத்திரரிடம் அளித்தார். அத்திருமுகம் பதினோராம் திருமுறையில் முதலாவதாக வைக்கப்பெற்றுள்ளது. இறைவன் ஓர் ஏழைப் பாடகருக்காக எழுதிய பரிந்துரைக் கடிதம் நம் திருமுறைக்குள் இருக்கிறது என்பது எத்தனை பெரிய செய்தி!

திருமுகத்தைத் தலைமேல் தாங்கிய சேரமான், தம் கருவூலத்தையும் அரசையும் பத்திரர் முன் வைத்தார். சேக்கிழார் பெருமான் இதைச் சொல்லுமிடத்தில் பத்திரரின் மறுமொழி உயர்ந்து நிற்கும். எனக்கு வேண்டுவனவற்றைப் பெற்றுக் கொள்ளவே இறைவன் ஆணை. அதற்கு மேல் ஏற்க ஆணையில்லை என்பது அம்மொழியின் கருத்து. தேவைக்குரியதை மட்டும் பெற்று அவர் மதுரைக்குத் திரும்பினார். பின்னர் ஒரு நள்ளிரவில், கொட்டும் மழையில், சேற்றில் நின்று திருக்கோயிலில் பாடியபோது, அவர் கால் நனையாதபடி இறைவன் பலகை ஒன்று இட்டருளினார் என்கிறது புராணம். அரசையே வேண்டாமென்றவருக்கு நிற்க ஓர் அடி இடம் போதுமானதாக இருந்தது.

மகாலிங்கத்தின் வாழ்வையும் இவ்வொளியில் நோக்கலாம். முதல் வாழ்வில் அவர் கருவூலத்தைத் தேடினார். அது வந்த வழியே சென்றது. இரண்டாம் வாழ்வில் அவருக்குப் பெருஞ்செல்வம் மீளவில்லை. நாயகனாக நின்ற இடத்தில், பின்னாளில் சில காட்சிகளில் வந்து பாடும் இடமே கிடைத்தது. அந்த இடத்தில் அவர் குறையின்றி நின்று பாடினார். புராணப் படங்களில் தெய்வ மணம் கமழும் பாடல் வேண்டும்போது அவர் அழைக்கப்பட்டார். ஊர்தோறும் திருவிழா மேடைகளில் கச்சேரி செய்தார். நெற்றியில் திருநீறு துலங்க அவர் மேடையேறியதும், கூட்டத்தினர் 'ஸ்ரீவள்ளி' காலத்துப் பாடல்களைக் கேட்டுக் குரல் எழுப்புவர். அவரும் சலிக்காமல் பாடுவார். தேரோடும் வீதியில் பந்தலிட்ட அம்மேடைகள், பத்திரருக்கு இறைவன் இட்ட பலகை போன்றவை.

1978 ஆம் ஆண்டு ஏப்ரல் 21 ஆம் நாள் டி.ஆர். மகாலிங்கம் இறைவனடி சேர்ந்தார். ஐம்பத்து நான்கு வயது நிறைய இன்னும் இரண்டு மாதங்கள் இருந்தன. மிகக் குறுகிய வாழ்வே. ஆயினும், அதற்குள் ஒரு மனிதர் காணக்கூடிய ஏற்றத்தையும் இறக்கத்தையும் மீட்சியையும் அவர் கண்டுவிட்டார்.

முதுமையில் நம்மில் பலரை வாட்டும் கவலை ஒன்று உண்டு. பிள்ளைகளுக்கு என்ன வைத்துவிட்டுப் போகிறோம் என்பதே அது. வீடும் நிலமும் வைப்புத்தொகையும் வேண்டியவையே. அவற்றை முறையாகச் சேர்த்து, உரிய ஆவணங்களோடு ஒப்படைப்பதும் அறமே. இயன்றவர் அதில் குறை வைக்கலாகாது. இயலாமற்போனவர், அல்லது சேர்த்ததைத் தம் பிழையாலோ காலத்தின் கோளாறாலோ இழந்தவர், அதனாலேயே தம் வாழ்வு வீண் என்று மனம் குன்ற வேண்டியதில்லை. மகன் பெயரில் மகாலிங்கம் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு என்றோ முடிந்துவிட்டது. அவர் குரலோ ஆலயத் திருவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. தந்தையின் பெயரைச் சொன்னவுடன் கேட்பவர் முகம் மலர்ந்தால், அதைவிடப் பெரிய சொத்தைப் பிள்ளைகள் பெறுவதற்கில்லை.

பாடத் தெரியாதவரும் அத்தகைய சொத்தை வைத்துச் செல்லலாம். மாலையில் பேரக்குழந்தையை அருகில் அமர்த்தித் தேவாரப் பதிகம் ஒன்றைக் கற்பிக்கலாம். பாணபத்திரர் கதையைச் சொல்லலாம். குடும்பத்தில் நொடித்துப்போய்த் திரும்பி வந்த தம்பியையோ மருமகனையோ, கணக்குக் கேளாமல், இலைபோட்டு உபசரிக்கலாம். கவிஞர் கண்ணதாசன் ஒருவரை நம்பி அழைத்ததுபோல, ஊரார் மதிப்பிழந்த ஒருவருக்கு ஒரு வேலையோ ஒரு நல்ல வார்த்தையோ கொடுக்கலாம். இவற்றுக்குப் பத்திரப் பதிவும் வேண்டாம், முத்திரைத்தாளும் வேண்டாம்.

சோழவந்தான் செல்லும் அன்பர்கள் ஜெனகை மாரியம்மனையும் ஜனக நாராயணப் பெருமாளையும் சேவித்தபின், பாலம் கடந்து தென்கரைக்கும் செல்லுங்கள். மூலநாத சுவாமி சந்நிதியில் சற்று அமருங்கள். அவ்வூரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்ற குரலை நினைந்து, உங்கள் இல்லத்தில் சோர்ந்திருக்கும் ஒருவருக்காக இறைவனிடம் வேண்டிக் கொள்ளுங்கள். ஆலவாய் அண்ணல் அன்று திருமுகம் எழுதிய திருக்கரத்தை இன்னும் மடக்கிக் கொள்ளவில்லை.